வெயிலில் குளிரும் குழாய்

சிராங்கூன் ரோட்டில் அவர் நடந்து வந்தால் நேராக வரமாட்டார். சுவரோரமாக ஒரு கையை நீட்டிக்கொண்டு வருவார். எங்கே குழாய் தென்பட்டாலும் உள்ளங்கையை ஒரு கணம் அதன்மேல் வைத்துவிட்டுத்தான் அடுத்த அடி. பூக்கடை அம்மாவைப் பார்த்துத் தலையாட்டுவார், ஜோசியக்காரரிடம் நலம் விசாரிப்பார், அப்போதும் கை மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் கண் தெரியாதவர் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டதுண்டு. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது வாசித்துவிட்டு, “இந்த வரி எல்லாம் நேர்ல போய்ப் பார்த்துட்டுத்தான் எழுதுனீங்களா தங்கச்சி?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அந்தக் காலத்திலேயே என்னிடம் சரியான பதில் இருந்ததில்லை.

அந்த ரோட்டு முனையில், தேக்காவில் ஒரு கோப்பிக்கடை. நடத்தியவர் காயல்பட்டினத்துக்காரர், எல்லாருக்கும் அவர் பாய். இவர் முதல்முதலாக அந்தக் கடைக்குப் போனபோது உட்காரவில்லை. கைகழுவும் குழாயைத் தொட்டார். அது எங்கிருந்து வருகிறது என்று சுவரோடு போனார். சுவர் மாடிப்படிக்குப் போயிற்று, படி மொட்டைமாடிக்குப் போயிற்று, அவரும் போய்விட்டார். பாய் கரண்டியோடு கீழே நின்று கத்திக்கொண்டிருக்க, மேலேயிருந்து எட்டிப் பார்த்து, “பாய், தொட்டிக்கு மூடி இல்ல. உள்ள ஒரு புறா மிதக்குது,” என்றார். கடையில் அந்த நேரம் ஏழெட்டுப் பேர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்களாம். மீதிக் கதையைப் பாய் ரொம்ப காலம் யாருக்கும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இவர் தலை தெரிந்ததுமே பாய் முந்திக்கொண்டு, “தொட்டிய பாத்துட்டேன், மூடி இருக்கு, உக்காருங்க,” என்று சொல்லிவிடுவார். அப்படியும் இவர் ஒரு நடை மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் உட்காருவார்.

எங்கள் குடும்பத்துக்கு அவர் அறிமுகமானது என் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது. அப்போது கேம்பல் லேனில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தோம். அப்பாவுக்குத் தபால் ஆபீஸில் வேலை. மாப்பிள்ளை எண்ணெய்க் கம்பெனியில் இருக்கிறார் என்று தரகர் சொன்னதும், நல்லெண்ணெயா தேங்காயெண்ணெயா என்று அம்மா கேட்டாள். தெற்கே ஒரு தீவில் கப்பலிலிருந்து எண்ணெய் இறக்கித் தொட்டிகளில் வைக்கிறார்கள், அந்தத் தொட்டிகளையும் குழாய்களையும் பார்த்துக்கொள்கிற வேலை என்று தரகர் விளக்கினார். அம்மாவுக்குக் குழாய் என்ற சொல் மட்டும் பிடிபட்டது. அதுவே போதுமானதாக இருந்தது என்று பிறகு தெரிந்தது.

அவர் தம் சின்னம்மாவுடன் வந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தார். அக்கா கேசரித் தட்டோடு வந்து நின்றாள். அந்த நேரம் பார்த்து எங்கள் சமையற்கட்டில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். கீழே மளிகைக்கடையில் யாராவது குழாயை மூடினால் எங்கள் வீட்டில் அப்படிக் கேட்கும். பல வருஷமாகக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அது சத்தமாகவே படுவதில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார், அக்காவை அல்ல, சமையற்கட்டை. ஒரு நிமிஷம் என்று சொல்லி எழுந்தவர் குழாயைத் தொட்டுக்கொண்டே உள்ளே போனார், பின்பக்கத்து இரும்புப் படி வழியாக இறங்கினார், பின்சந்துக்குள் மறைந்தார். அரைமணி நேரம் ஆள் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவருடைய சின்னம்மா மூன்று தட்டுக் கேசரி சாப்பிட்டார். திரும்பி வந்தபோது தலையில் ஒட்டடை, கையெல்லாம் கறுப்பு.

“மேல வர்ற பைப்ப செவத்தோட பிடிச்சு வைக்கிற பட்டி கழண்டு தொங்குதுங்க. நாளைக்கு வந்து அடிச்சுத் தந்துடுறேன்,” என்றார் அப்பாவிடம். அக்காவிடம் ஒரு வார்த்தை இல்லை.

அவர்கள் படியிறங்கிய பிறகு அக்கா நிதானமாகச் சொன்னாள்: “அவரு குழாயத்தானே பார்க்க வந்தாரு. பிடிச்சுப் போச்சு போல. அதையே கட்டிக் குடுங்க.”

மறுநாள் காலையிலேயே தரகர் மூலம் மறுப்புப் போய்விட்டது. அன்று மாலையே அவர் சுத்தியலும் பட்டியுமாக வந்து நின்றார். மறுத்துவிட்டோமே என்று அப்பா தயங்கியபடி சொன்னதற்கு, அது வேறு இது வேறு என்று சொல்லிவிட்டுச் சமையற்கட்டுக்குள் போனார். சத்தம் நின்றது. பழகிப்போன அந்த ‘டொக்’ இல்லாமல் ஒரு வாரம் அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை.

சில வருஷம் கழித்து அந்தத் தீவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. சேமித்து வைத்தது போய், அங்கேயே காய்ச்சிப் பிரிக்கத் தொடங்கினார்கள். வரைபட அறைக்குப் பெண்கள் வேண்டும் என்றார்கள். எனக்குக் கை நேராக ஓடும் என்பதால் வேலை கிடைத்தது. இன்ஜினியர்கள் பென்சிலில் போடும் படத்தின்மேல் மெல்லிய துணியை விரித்து மையால் அப்படியே இழுத்துத் தருவது எங்கள் வேலை. அந்தத் துணியிலிருந்துதான் நீலப் பிரதிகள் எடுப்பார்கள். படத்தில் இழுத்த கோடு என்றால் குழாய் போட்டாகிவிட்டது, புள்ளி வைத்த கோடு என்றால் இனிமேல் போடப்போகிறார்கள். இதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்.

முதல் நாள் படகுத்துறையில் அவரைப் பார்த்ததும் எனக்குக் கேசரி ஞாபகம் வந்து சிரிப்பு முட்டியது. அவர் அடையாளம் கண்டுகொண்டார். நலம் எல்லாம் கேட்கவில்லை. “அந்தப் பட்டி இன்னும் நிக்குதா?” என்றார்.

அவர் அப்போது டெக்னிகல் அசிஸ்டன்ட். ஃபெசிலிட்டீஸ் இன்ஜினியர் ஆகவேண்டும் என்பது அவருடைய கனவு. அந்த வேலையைச் சிராங்கூன் ரோட்டில் ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை. எண்ணெய் காய்ச்சுகிறவர்கள் வேறு. அதற்கு வேண்டிய தண்ணீர், நீராவி, பம்பு, தொட்டி, தீயணைக்கும் குழாய், கப்பலைக் கட்டி நிறுத்தும் மேடை எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பொறுப்பேற்பவர் ஃபெசிலிட்டீஸ் இன்ஜினியர். அவர் இரண்டு தரம் விளக்கியும் அம்மா பிறரிடம், “எண்ணெய்க் கம்பெனில குழாய்க்காரரா இருக்காரு, பெரிய குழாய்,” என்றுதான் சொல்லிவந்தாள்.

தீவுக்குப் போக இரண்டு படகுகள். எங்களுக்கெல்லாம் மரப்படகு. பலகையில் நெருக்கி உட்காரவேண்டும், மழை வந்தால் ஆளுக்கொரு முனையாகத் தார்ப்பாயைப் பிடித்துக்கொள்ளவேண்டும். இன்ஜினியர்களுக்கு வெள்ளைக் கூரை போட்ட லாஞ்ச், மெத்தை இருக்கை. அதில் ஏறியவர்கள் அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள். உள்ளூர் ஆட்களையும் இன்ஜினியர் ஆக்கலாம் என்று கம்பெனி அப்போதுதான் சொல்லத் தொடங்கியிருந்தது. லண்டன் டிப்ளோமா வேண்டும், பிறகு பெரிய இன்ஜினியர் தலைமையில் ஒரு நேர்காணல், வருஷத்துக்கு ஓர் இடம். அவர் தபால் மூலம் படித்தார். மரப்படகின் முனையில் உட்கார்ந்து, எண்ணெய்த்துணியில் சுற்றிய புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, அலை தெறிக்கும்போது மூடி, அடங்கியதும் திறந்து, அப்படியே ஐந்து வருஷம் படித்து முடித்தார். நீராவிப் பாடத்தில் மட்டும் இரண்டு தரம் தோற்றார். இவ்வளவு தண்ணியில உட்கார்ந்து படிச்சா நீராவி எப்படி ஏறும் என்பாள் என் பக்கத்து மேசை ஃபாத்திமா.

மெத்தை இருக்கைக்காகவா இவ்வளவு பாடு என்று நான் ஒருநாள் சீண்டினேன். அவர் கோபப்படவில்லை.

“அசிஸ்டன்ட் சொன்னா கேட்டுக்குவாங்க தங்கச்சி. இன்ஜினியர் சொன்னா நிறுத்துவாங்க,” என்றார்.

வரைபட அறையில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மஞ்சள் பென்சில். எந்தப் படம் கையெழுத்துக்கு வந்தாலும் அதை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிவிடுவார். குழாய் தொடங்கும் இடத்திலிருந்து அது முடியும் இடம்வரை கூடவே நடப்பார். நடந்த அளவுக்குப் படத்தில் மஞ்சள் பென்சிலால் தீட்டுவார். படம் முழுக்க மஞ்சளாகும்வரை கையெழுத்து விழாது. மற்ற அசிஸ்டன்டுகள் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து பத்துப் படம் முடிக்கும் நேரத்தில் இவர் ஒன்றை முடித்து, வேர்த்து விறுவிறுத்து வருவார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், “இருந்துச்சு,” என்பார். இருக்கும் என்று எங்களுக்கும் தெரியாதா? கறுப்பு மையில் நாங்கள்தானே வரைந்தோம்.

அந்த உள்ளங்கை விஷயத்தையும் ஒருநாள் ஃபாத்திமா கேட்டுவிட்டாள், குழாய்க்கெல்லாம் காய்ச்சல் பார்க்கிறீர்களா என்று. ஏறக்குறைய அதுதான் என்றார். வெயிலில் கிடக்கும் குழாய்க்குள் தண்ணீர் இருந்தால் தொட்டால் குளிரும், காலியாக இருந்தால் சுடும், இதற்கு டிப்ளோமா தேவையில்லை என்று சிரித்தார்.

பிறகு அக்காவுக்கு வேறிடத்தில் அமைந்தது. மாப்பிள்ளை பேங்க் கிளார்க், பெண் பார்க்க வந்தவர் பெண்ணையே பார்த்தார். கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவு கேட்டிருந்தேன். அதற்குள் கையிலிருந்த படங்களை முடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். மையும் மருதாணியுமாக ஓடிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு அவரையும் அழைத்திருந்தோம். முதல் பந்தி எழுந்து கை கழுவப் போனபோது தண்ணீர் நின்றுவிட்டது. எச்சில் கையோடு நூறு பேர் வரிசையில். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவரோ வந்ததுமே மண்டபத்தைச் சுற்றி ஒரு நடை போயிருந்தார். பின்சுவரில் இன்னொரு வால்வு மூடிக்கிடப்பது அவருக்குத் தெரியும். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்த் திறந்துவிட்டு வந்தார். மாலையும் கழுத்துமாக இருந்த அக்கா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். யார் இவர் என்று புது மாப்பிள்ளை கேட்டார். “எங்க வீட்டுக் குழாய்க்கு ஒரு காலத்துல மாப்பிள்ளை,” என்றாள்.

அடுத்த வாரம் அவருடைய நேர்காணல். டவுன் ஆபீஸில் காலை பத்து மணிக்கு. ஒன்பது மணிப் படகில் கிளம்பிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். கழுத்தில் டை கட்டி வந்திருந்தார். அந்த டையைப் பார்க்க வரைபட அறையே எட்டிப்பார்த்தது. ஃபாத்திமா தன் கைப்பையிலிருந்து சீப்பு கொடுத்தாள். நான் காகிதத்தில் மடித்த வடையைக் கொடுத்தேன். நாள் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு அது எங்கள் வீட்டு விசேஷம் போலவே இருந்தது.

எட்டு மணிக்கு ஃபோர்மன் ஒரு படத்தோடு வந்தார். புதிதாகக் கட்டிய தொட்டி ஒன்றில் அன்று மதியம் முதல்முதலாகக் கப்பலிலிருந்து எண்ணெய் இறக்கப் போகிறார்கள். கப்பல் மேடையில் நின்றுகொண்டிருந்தது. அந்தத் தொட்டியைச் சுற்றியுள்ள தீயணைக்கும் குழாய்களின் படம் அது. எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், பாக்கி அவர் ஒருவர். இன்றைக்கு மட்டும் உட்கார்ந்தபடியே போட்டுவிட்டுப் போங்கள் என்று ஃபோர்மன் கெஞ்சினார். அரைமணி நேரம் போதும் என்று சொல்லி, டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, மஞ்சள் பென்சிலோடு இறங்கினார்.

நடந்ததை ஃபோர்மன் பிறகு எத்தனையோ தடவை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். பாதிப் படம் மஞ்சளாகும்வரை சிக்கலில்லை. தீவின் நடுவே போகும் ரோட்டோரத்தில் குழாய் மண்ணுக்குள் இறங்கி, ரோட்டுக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் எழும்பித் தொட்டிக்குப் போகிறது. படத்தில் அப்படித்தான் இருந்தது, தரையிலும் பார்க்க அப்படியே இருந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் கையை வைத்தார், குளிர்ந்தது. ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்தார், காலை வெயிலுக்கே சுட்டது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். மறுபடி இந்தப் பக்கம் வந்தார், மறுபடி அந்தப் பக்கம் போனார். மண்வெட்டி கொண்டு வரச் சொன்னார். முழங்கால் ஆழம் தோண்டியதும் தெரிந்தது, குழாய் ரோட்டுக்கு இந்தப் பக்கமே இரும்புத் தட்டு வைத்து மூடப்பட்டிருந்தது. ரோட்டுக்கு அடியில் ஒன்றுமே போடவில்லை. தொட்டியில் தீப்பிடித்தால் அணைக்க ஒரு சொட்டுத் தண்ணீர் வராது.

அப்போது மணி எட்டே முக்கால். ஓடினால் படகைப் பிடித்திருக்கலாம். ஆனால் அவர் கிளம்பினால் என்ன நடக்கும் என்பது அவருக்கும் தெரியும், ஃபோர்மனுக்கும் தெரியும். கப்பல் காத்திருக்கிறது, மேலேயிருந்து யாராவது ஃபோனில் திற என்றால் ஃபோர்மன் திறந்தாகவேண்டும். ஓர் அசிஸ்டன்ட் கையெழுத்துப் போடவில்லை என்பது அன்றைக்குக் கப்பலை நிறுத்துகிற காரணம் இல்லை. வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமுள்ள இன்ஜினியர்கள் எல்லாரும் லாஞ்சில் ஏறி, அவரை நேர்காணல் செய்வதற்காக டவுனுக்குப் போயிருந்தார்கள். அவர் தொட்டியின் வால்வுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். டவுனுக்கு ஃபோன் போட்டுப் பார்த்தார்கள், கூட்டத்தில் இருக்கிறார்கள், தொந்தரவு செய்யக்கூடாது என்று பதில் வந்தது. ஒன்பது மணிப் படகின் சத்தம் கேட்டபோது என்ன செய்தார் என்று ஃபோர்மனைக் கேட்டேன். வடையைப் பிரித்துச் சாப்பிட்டார், எனக்கும் ஒன்று கொடுத்தார் என்றார்.

பெரிய இன்ஜினியர் ஒரு மணிக்கு லாஞ்சில் திரும்பினார். ஸ்காட்லாந்துக்காரர், கடிகாரம் பிசகினாலும் அவர் பிசகமாட்டார் என்று பெயர். காலையில் வராத ஆளைத் தேடிக்கொண்டு கோபமாகவே வந்தார். மரப்பெட்டியில் டையோடு உட்கார்ந்திருந்தவரைக் கண்டார். பள்ளத்தைக் காட்டினார்கள், இறங்கிப் பார்த்தார். கப்பலை நிறுத்தச் சொன்னார். இரண்டு நாள் வேலை செய்து குழாயை இணைத்து, தண்ணீர் பீய்ச்சிப் பார்த்த பிறகுதான் எண்ணெய் இறங்கியது. நேர்காணல் பற்றி ஃபோர்மன் தாமாகவே தயங்கித் தயங்கிக் கேட்டாராம். அதற்குப் பெரியவர் சொன்னது, இந்த ஆள் செய்தது சரி, ஆனால் பத்து மணிக்கு இவர் அங்கே இல்லை, இரண்டும் உண்மை என்பதுதான். அந்த வருஷத்து இடம் வேறொருவருக்குப் போனது.

எங்கள் தெருவில் இதைப் பேசாதவர்கள் இல்லை. ஒரு கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கலாமே என்று அம்மா மாய்ந்து போனாள். நல்லவேளை, நான் தப்பித்தேன் என்றாள் அக்கா. நானும் சும்மா இருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மரப்படகில் அவர் எதிரில் உட்கார்ந்தபோது, ஃபாத்திமாவின் முன்னால், “அன்னிக்குக் கொஞ்சம் வேகமா நடந்திருந்தா இப்ப மெத்தைல உக்காந்திருப்பீங்க சார்,” என்றேன். படகே சிரித்தது. அவரும் சிரித்தார். வேகமாகப் போனால் கை வைக்க முடியாது தங்கச்சி என்று மட்டும் சொன்னார்.

நான்கைந்து மாதம் கழித்து அந்தப் படம் திருத்தத்துக்காக என் மேசைக்கு வந்தது. என்னுடைய துணிப்படமும், அதற்கு அடியில் இன்ஜினியர் போட்ட பழைய பென்சில் படமும் சேர்ந்தே வந்தன. ரோட்டைத் தாண்டும் இடத்தில் பென்சில் படத்தில் புள்ளிக்கோடு இருந்தது. என் துணியில் ஒரே இழுப்பாகக் கறுப்புக் கோடு. கீழே மூலையில் என் கையெழுத்தும் தேதியும், லீவில் போவதற்கு முந்தின நாள். மருதாணி விரலோடு அவசரத்தில் ஆறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எங்கள் அறையில் படங்களைச் சரிபார்ப்பவர் என் கோடுகளை நம்பிப் பழகியவர், அவர் விட்டுவிட்டார். அவரை நம்பி மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இப்படியாகப் போடாத குழாயைப் போட்டதாக்கி, ஒரு மனிதருக்கு வரவேண்டிய வேலையையும் பறித்து, அதற்குப் பிறகு அவரையே கேலியும் செய்திருக்கிறேன். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஃபாத்திமா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சாயங்காலம் படகுத்துறையில் அவரைத் தனியாக நிறுத்தி, இரண்டு படங்களையும் பற்றிச் சொன்னேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது.

“தெரியும் தங்கச்சி. அன்னிக்குச் சாயங்காலமே பழைய படத்த எடுத்துப் பார்த்துட்டேன்,” என்றார்.

“ஏன் சார் சொல்லல? சொல்லியிருந்தா உங்களத் திரும்பக் கூப்பிட்டிருப்பாங்க.”

“கூப்பிட்டிருக்க மாட்டாங்க. உங்க பேரக் கேட்டு வாங்கியிருப்பாங்க, அவ்வளவுதான். அப்புறம் நீங்க பயந்துகிட்டே வரைவீங்க. பயந்த கையில கோடு ஆடும் லா. அத வச்சுகிட்டு நான் எப்படி நடக்கிறது?”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதற்கு நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் பென்சிலை எடுத்து என்னிடம் கொடுத்தார். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் அந்தப் படத்தோடு வரச் சொன்னார்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஃபாத்திமாவின் குடையின்கீழ், நான் வரைந்த குழாயோடு முதல்முறையாக நடந்தேன். மேசையில் ஒரு சாண் நீளக் கோடு. தரையில் அதற்கு அரைமைல். மணலில் செருப்பு புதைந்தது, குனிந்து நிமிர்ந்து இடுப்பு விட்டுப்போயிற்று. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனதும் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன். தலைக்குமேல் அப்படி ஒரு வெயில், உள்ளங்கையில் ஜில்லென்று தண்ணீர். படத்தில் அந்த இடத்தை நானே மஞ்சளாகத் தீட்டினேன். அதற்கப்புறம் நான் ஓய்வு பெறும்வரை ஒரு புள்ளியையும் இன்னொன்றோடு சேர்த்ததில்லை.

அடுத்த வருஷம் நேர்காணல் வந்தது. அன்று காலை அவர் கண்ணில் எந்தப் படமும் பட்டுவிடக்கூடாது என்று ஃபாத்திமாவும் நானும் கையெழுத்துக்கு வந்த தாள்களை எல்லாம் எங்கள் மேசைக்கடியில் ஒளித்து வைத்தோம். ஒன்பது மணிப் படகில் அவரை ஏற்றிவிடும்வரை ஃபோர்மன் கூடவே நின்றார். உள்ளே என்ன கேட்டார்கள், என்ன சொன்னார் என்று அவர் எவரிடமும் சொன்னதில்லை. ஒரு மாதத்தில் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள், ஃபெசிலிட்டீஸ் இன்ஜினியர் என்று போட்டு அவருடைய பெயர். அம்மா கேம்பல் லேன் முழுக்கக் கேசரி கொடுத்தாள். பாய் அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தொட்டி மூடியைப் பற்றிய கதையை முதல்முதலாக முழுதாகச் சொன்னார்.

புது வேலையில் அவர் சேர்ந்த காலையில் படகுத்துறையில் ஒரே கூட்டம். இத்தனை வருஷம் மரப்படகின் முனையில் நனைந்தவர் வெள்ளைக் கூரை லாஞ்சில் ஏறுவதைப் பார்க்கவேண்டும் என்று முதல் படகில் போகவேண்டியவர்கள்கூடக் காத்திருந்தார்கள். மலாய்க்காரப் படகோட்டி கை கொடுத்து ஏற்றினார். பெரிய இன்ஜினியர் தம் பக்கத்திலிருந்த மெத்தையைக் காட்டினார். நாங்கள் மரப்படகிலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தோம். ஃபாத்திமா என் கையை நெரித்துவிட்டாள்.

அவர் உட்காரவில்லை. எங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டியபடி இன்ஜினைப் பார்த்தார். இன்ஜினுக்கு டீசல் வரும் செம்புக்குழாயில் கையை வைத்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கை அதன் போக்கில் போயிற்று, பலகைக்கு அடியில் போயிற்று, அவரும் மண்டியிட்டார். வெள்ளைக் கால்சட்டைக்காரர்களின் கால்களுக்கு நடுவே தரைப்பலகை ஒன்றைப் பெயர்த்தார். பிறகு நிமிர்ந்து படகோட்டியைப் பார்த்து ஏதோ சொன்னார். இன்ஜின் சத்தம் நின்றது.

இன்ஜினியர்கள் ஒவ்வொருவராகப் படகுத்துறையில் இறங்கித் தொப்பியும் கையுமாக நின்றார்கள். எங்கள் படகு கிளம்பி லாஞ்சை ஒட்டிப் போனபோது உள்ளே நன்றாகத் தெரிந்தது. அவர் முழங்கைவரை கறுப்பாகி, குழாய் எங்கே கசிகிறது என்று தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெரிய இன்ஜினியர் கோட்டைக் கழற்றிப்போட்டுவிட்டு, குனிந்து, அவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.